முன்வரிசை

பிள்ளைப்பாக்கத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றபோது, யாரோ மிதித்த கோவை இலையின் பச்சை வாசனை வந்தது. இப்போது கம்பெனி மதில் நிற்கும் இடத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறையில் ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர், கோவை இலையும் கரியும் அரைத்துப் பூசிய ஒரே கரும்பலகை. ஒன்றாம் வகுப்பு முன்னால், ஐந்தாம் வகுப்பு கடைசியில்.

தொண்ணூற்றொன்றில் நான் நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை பலகையில் எழுதியதைப் படிக்காமல் விழித்ததற்காக டீச்சர் என்னை மூன்றாம் வகுப்புக்கு இறக்கினார். செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்பு, வாய்ப்பாட்டு இரைச்சலுக்கு நடுவே. புதன்கிழமை, அ, ஆ என்று கத்தும் குழந்தைகளோடு உட்கார்ந்ததும் பலகையிலிருந்த நான்காம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் படித்தேன்.

"இன்னாடி, இத்தினி நாள் நடிச்சியா?"

"இங்கருந்துதான் எழுத்து தெரியுது டீச்சர்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் அப்பாவை வரவழைத்து, கண்ணாடி வாங்கித் தரச் சொன்னார்.

"பொட்டப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? வெளிய சொல்லாதீங்க டீச்சர்" என்றார் அப்பா.

அந்த வருடம் முழுக்க முன்வரிசையிலேயே இருந்தேன்.

"அக்கா, நீ பெயிலா?" என்று பக்கத்திலிருந்த குழந்தை கேட்டது.

ஆமாம் என்றேன். கண் தெரியாது என்றுதான் சொல்லக்கூடாதே.