கடையத்துப் பை

ஜெயசித்ராவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். அவள் தைத்த பையை முதுகில் மாட்டுகிறவன், அது கடையத்தில் தைத்தது என்று தெரிந்து மாட்டிக்கொள்ள வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் நம்மாட்களிடம் அது நடக்குமா?

தென்காசிப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், மலையேறுகிறவர்களின் பைகளுக்குத் தோள்வார் தைத்தே இளமையைக் கழித்தவள். துணி ஒரு நாட்டிலிருந்து வரும், ஜிப் இன்னொரு நாட்டிலிருந்து வரும், தைத்த பை மூன்றாவது நாட்டுக்குப் போகும். கம்பெனியை மூடியதும் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, தன் ஊரான கடையத்தில் வீட்டிலேயே பை தைக்க ஆரம்பித்தாள். 'கடையம்' என்று சிவப்பு நூலில் நெய்த லேபிளை மட்டும் குற்றாலத்துக்கு வந்து, புருஷன் குற்றாலிங்கத்தின் சீசன் கடையில் உட்கார்ந்து கையால் தைப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! என் சிப்ஸ் கடை அடுத்த கடை. நான் பார்த்திருக்கிறேன்.

குற்றாலிங்கம் அவள் பைகளை ஒரு பக்கமும், மொத்தத்துக்கு வாங்கிய வியட்நாம் பைகளை மறுபக்கமும் தொங்கவிட்டிருந்தான். வருகிறவன் அவள் பையை எடுப்பான், வாரை இழுத்துப் பார்ப்பான், தலையாட்டுவான். லேபிளைப் பார்த்ததும் முகம் சுருங்கும்.

"லோக்கலா?"

வியட்நாம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதவன்கூட அந்தப் பையைத்தான் வாங்கிப் போனான்.

பாதி சீசன் போனதும் குற்றாலிங்கம் பொறுமையிழந்தான். வியட்நாம் லேபிளும் மொத்தத்துக்குக் கிடைத்தது.

"ஏட்டி, அந்தக் கடையத்தப் பிரிச்சு எறி. இத வச்சுத் தை."

"என் கையால தச்சத எவனுக்கோ தாரை வாக்கச் சொல்லுதியளா?"

"சரக்கு போவலன்னா மெஷினையும் வித்துர வேண்டியதுதான்."

மெஷின் என்றதும் அவள் அடங்கிப்போனாள். பிளேடை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த லேபிள்களை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். பைகள் பறந்தன.

ஒருநாள் ஐந்தருவியிலிருந்து ஒருவர் நனைந்த உடம்போடு கத்திக்கொண்டே வந்தார். கையில் தோள்வார் அறுந்த பை.

"வெளிநாடுன்னு சொல்லி ஏமாத்திட்டியேய்யா!"

ஜெயசித்ரா தையலைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. அது அவள் தைத்ததில்லை, நிஜமாகவே கப்பலில் வந்த பை. குற்றாலிங்கத்துக்கும் அது தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பை அறுந்தது என்று பேச்சு பரவினால் கடை என்ன ஆவது?

"சார், கோவிச்சுக்காதிய. இது இங்கன தச்ச லோக்கல் சரக்கு. லேபிள மாத்தி எவனோ ஏமாத்திப்புட்டான். இந்தாங்க, அசல் வியட்நாம்" என்று அவள் தைத்த பையை எடுத்து நீட்டினான்.

அவர் வாரை இழுத்துப் பார்த்தார்.

"அதானே! இந்தத் தையல் நம்ம ஊர்ல வருமா?"

அவர் அறுந்த பையைப் போட்டுவிட்டுப் புதுப் பையோடு போனார். ஜெயசித்ரா டப்பாவைத் திறந்து ஒரு சிவப்பு லேபிளை எடுத்தாள். அறுந்த பையை மடியில் போட்டு, நிதானமாக, லேபிளை நாலு பக்கமும் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையைப் புருஷன் முன்னால் போட்டாள்.

"நம்ம ஊரு சரக்குன்னு சொன்னியள்லா? அந்த ஊரு பேரு இல்லாமக் கிடந்துச்சு."