மாலைக்கு இடம் விட்டு ஒரு போட்டோ

போன வாரம் மைசூரில் மூன்று நாள் இருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ எடுத்தேன். அத்தனையிலும் ஒரே ஆள். ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் காலமாகியிருந்தார்.

பதறாதீர்கள். அவர் என் மச்சான், என் மனைவி வசந்தியின் அண்ணன். நன்றாக இருக்கிறார். இன்று காலைகூட போன் செய்து அரை மணி நேரம் பேசினார். வயது அறுபத்து மூன்று. பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை; அதையும் பாதி நாள் மறந்துவிடுவார். அப்புறம் ஏன் காலமானார்? சொல்கிறேன்.

சமீபத்தில் ஒரு கேமரா வாங்கினேன். சும்மா வாங்கவில்லை, ஆன்லைனில் ஒரு போட்டோகிராபி கோர்ஸும் முடித்துவிட்டு வாங்கினேன். ‘கூட்டம் இல்லாத சீசனில் குடும்பத்தோடு போங்கள், நல்ல படங்கள் கிடைக்கும்’ என்பது அந்தக் கோர்ஸில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஜூலை மழை, ஸ்கூல் நடக்கிற நாட்கள், வாரத்தின் நடுப்பகுதி... மைசூரில் மச்சான் வீடு வேறு இருக்கிறது. விடுவேனா?

மச்சானும் அவர் மனைவி சரோஜா அக்காவும் முப்பத்தைந்து வருஷமாக மைசூர்வாசிகள். ஆகவே அவர்கள் மைசூரைப் பார்த்ததில்லை. அரண்மனைப் பக்கம் கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில்! “நாங்களும் வர்றோம்” என்று கிளம்பிவிட்டார்கள்.

போன அன்றைக்கே மச்சான் என்னை மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“மாப்ளே, எனக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. தனியா. செவுத்துல மாட்டற மாதிரி.”

“அதுக்கென்ன மச்சான். நாளைக்கே பிரிண்ட் போட்டு மாட்டிடலாம்.”

“நாளைக்கு வேண்டாம். நான் கண்ண மூடுனப்புறம் மாட்டுனாப் போதும்.”

இதற்கு ஒரு முன்கதை உண்டு. வசந்திக்கும் மச்சானுக்கும் ஒரு பெரியண்ணன் இருந்தார். கொள்ளேகாலில் விவசாயம். போன வருஷம் இறந்து போனார். மனிதர் வாழ்நாளில் தனியாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. ஆதார் கார்டில் இருப்பது அவர்தான் என்று அவர் மகனே சத்தியம் செய்யத் தயாராக இல்லை. கடைசியில் யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலோ இருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு வாங்கி வந்தார்கள். முகம் அருமை. ஆனால் இடது தோளில் ஒரு கை!

நாலு விரல், பச்சைக்கல் மோதிரம். மணிக்கட்டோடு சரி, அதற்கப்புறம் ஆள் இல்லை.

ஸ்டுடியோக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் கம்ப்யூட்டரில் கையை எடுத்தார். கையோடு பாதித் தோளும் போய்விட்டது. பெரியண்ணன் பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். குடும்பம் கூடி யோசித்தது. தோள் முக்கியம், கை இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது.

துக்கம் கேட்க வந்தவர்கள் படத்தைக் கும்பிட்டார்கள். கும்பிட்டு நிமிர்ந்ததும் கேட்டார்கள் — “அது ஆரு கையி?” பெண் வீட்டுக்காரர் ஒருவருடையது என்றார் ஒருவர். இல்லை, சமையல்காரருடையது என்றார் இன்னொருவர். பதினாறாம் நாள் பந்தியில் பெரியண்ணனைப் பற்றிப் பேசியவர்களைவிட அந்தக் கையைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். இன்றுவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுகிறார்கள்.

மச்சானை இது ரொம்பவே உலுக்கிவிட்டது.

“என்ற மேல எவன் கையும் இருக்கக் கூடாது மாப்ளே. அஷ்டே.” கன்னடத்தில் ‘அஷ்டே’ என்றால் அவ்வளவுதான். மச்சான் ‘அஷ்டே’ என்று சொன்னால் அதற்கப்புறம் குறைந்தது ஐந்து நிபந்தனை வரும். வந்தது. வெள்ளைச் சட்டை. உட்கார்ந்த நிலை. பின்னால் யாரும் நடமாடக் கூடாது. சிரிக்கக் கூடாது, கும்பிட வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்காது. முக்கியமாக...

“தலைக்கு மேல, ரெண்டு பக்கமும், எடம் விட்டு எடுங்க. மால போட்டா மூஞ்சி மறைஞ்சிரும்.”

கோர்ஸில் ஃபிரேமுக்குள் எங்கெங்கே இடம் விடவேண்டும் என்று ஒரு முழு வகுப்பே எடுத்தார்கள். மாலைக்கு இடம் விடுவது பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

சரோஜா அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார். “கருமம்.” அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். வசந்தி, “அண்ணி, அது சும்மா ஒரு போட்டோதானே” என்று போய்ப் பார்த்தாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று நாளும் எங்களோடு வந்தார். நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் இருபதடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் அரண்மனை. மச்சான் கையில் இஸ்திரி போட்ட சட்டை ஒரு கவரில். இன்னொரு கையில் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஊரே பார்க்க வருகிற அரண்மனைக்கு வீட்டிலிருந்து ஸ்டூல் கொண்டு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கேட்டில் நின்ற காவலாளி ஸ்டூல் எதற்கு என்று கேட்டார். வேறு யாராவதாக இருந்தால் முட்டி வலி என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள். மச்சான் உண்மையைச் சொன்னார். பெரியண்ணன், கை, மோதிரம், மாலை — மொத்தத்தையும் கன்னடத்தில்.

காவலாளி உருகிவிட்டார். மழை நாள், ஈ காக்கை இல்லை, அவருக்கும் பொழுது போகவேண்டும். தன் அப்பாவின் படத்தில் கண்கள் நேராகப் பார்ப்பதால், வீட்டில் எங்கே போனாலும் அவர் முறைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். “கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பிள்ளைகள் நிம்மதியாக இருக்கட்டும்” என்று மச்சானுக்கு யோசனை சொன்னார். ஸ்டூலை மட்டும், திரும்பும்போது தருவதாகச் சொல்லி, வாங்கி வைத்துக்கொண்டார்.

உள்ளே படிக்கட்டில் உட்கார வைத்து நூற்று ஐம்பது படம் எடுத்தேன். கேமரா கீழே இருக்கும்வரை மச்சான் மச்சானாகவே இருப்பார். தூக்கியதும் போச்சு! தாடை இறுகும், கண் எங்கேயோ போகும், மூச்சு நின்றுவிடும்.

“மச்சான், ஏன் இப்பவே போய்ட்ட மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?”

“அதுக்குத்தான மாப்ளே எடுக்கறோம்.”

இரண்டாம் நாள் சாமுண்டி மலை. நந்திக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டோம். மூடுபனி இறங்கியதில் நந்தி பாதிதான் தெரிந்தது. படத்தில் பார்த்தால், மச்சானின் தலைக்குப் பின்னாலிருந்து யாரோ மூக்கை மட்டும் நீட்டுகிறார்கள். “கை போயி மூக்கு வந்திருச்சு” என்று மச்சான் நொந்துபோனார். ஆரு மூக்கு என்று கேட்பார்களே என்கிற கவலை.

ஒன்று சொல்லவேண்டும். கேமராவுக்கு முன்னால் நாம் எல்லாருமே கொஞ்சம் செத்துத்தான் போகிறோம். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். மேடையில் நிற்கிற அந்த மாப்பிள்ளை உயிரோடு இருப்பதற்கு ஏதாவது அடையாளம் தெரிகிறதா? என் ஆல்பத்தில் இல்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம். சாமி கும்பிட்டுவிட்டுக் காவிரிக் கரைக்குப் போனோம். ஆறு செக்கச்செவேலென்று நிறைந்து ஓடியது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. படித்துறையில் ஒரு ஆள் இல்லை. மேகத்துக்கு இடையிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழுந்தது. கோர்ஸில் இந்த வெளிச்சத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தார்கள். இதுதான். இதில் எடுத்துவிட்டால் மச்சானுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது.

தண்ணீருக்கு நாலு படி மேலே ஸ்டூல். வெள்ளைச் சட்டை. தலைக்கு மேல் மாலைக்கு இடம். எல்லாம் கச்சிதம்.

“கொஞ்சம் எடப்பக்கம் மச்சான்...” என்றேன்.

நகர்ந்தார். ஈரக் கல்லில் ஸ்டூல் வழுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்காதான் ஓடி வந்தார். இருபதடி தூரத்திலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர், எப்படிப் பார்த்தாரோ... மச்சானின் தோளைக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தினார். பிடித்த கையை எடுக்கவில்லை. மூன்று நாள் அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வெளியே வந்தது.

“போட்டோ போட்டோன்னு ஆளே போயிருப்பீங்க இப்ப. நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க போனப்புறம் அந்தப் படத்தத் தினம் பாக்கப் போறது ஆரு? நீங்களா? நான்தான? காலைல எந்திரிச்சு எந்த மூஞ்சில முழிக்கோணும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அக்காவின் குரல் உடைந்துவிட்டது. வசந்தி ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்று நாளாக மாலைக்கு, கும்பிட வருகிறவர்களுக்கு, மூக்குக்கு, எல்லாவற்றுக்கும் யோசித்திருக்கிறோம். அக்காவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மச்சான் மெதுவாகக் கேட்டார்.

“செரி. எந்த மூஞ்சி வேணும் சொல்லு.”

“இது வேண்டாம். இது ஆரோ.” அக்கா மூக்கை உறிஞ்சினார். “கொழம்புல உப்புப் பாத்துட்டு ‘சக்கத்தா இருக்குது, பிரமாதம்’னு பொய் சொல்லுவீங்கல்ல. அந்த மூஞ்சி.”

“பொய்யின்னு உனக்குத் தெரியுமா?”

“முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும்.”

மச்சான் சிரித்தார். திருடன் மாட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, தொப்பை குலுங்க. என் விரல் தானாக அழுத்திவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டாவது படம் அதுதான்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். கோர்ஸ் ஆசிரியர் பார்த்தால் அழுதுவிடுவார். ஆறு சரிந்திருக்கிறது. மச்சானின் கண் பாதி மூடியிருக்கிறது. சட்டையில் சேறு. தலைக்கு மேல் மாலைக்கு இல்லை, ஒரு முழம் கதம்பத்துக்குக்கூட இடமில்லை. நான் அவசரத்தில் கிட்டத்தில் போயிருக்கிறேன். அக்கா ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறார். ஆனால் இடது தோளில்... ஒரு கை! கண்ணாடி வளையலும், கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த தழும்புமாக.

“இப்பல்லாம் கையை எடுக்க நல்ல சாஃப்ட்வேர் இருக்கு மச்சான். தோளுக்கு ஒண்ணும் ஆகாது. நானே எடுத்துடறேன்” என்றேன்.

மச்சான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் மாப்ளே, இருக்கட்டும். இது ஆரு கையின்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

படம் இப்போதே ஹாலில், டிவிக்கு மேல் மாட்டியாகிவிட்டது. கொள்ளேகால் பக்கத்து வாசகர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தில் பச்சைக்கல் மோதிரம் போட்ட யாராவது, பக்கத்தில் நிற்பவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாரா? அவருக்கு ஒரு வருஷமாக நாங்கள் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.