பாதி ஆண்டு வெட்டிய கல்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த காலையில், அடுத்த வீட்டு லீதியா அக்கா தன் சவ அடக்கத்துக்கென்று தைத்து வைத்திருந்த கறுப்பு உடையை உடுத்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

"எதெல்கா, நான் சாகலடி!" என்றாள்.

திசா ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் கல்லறைகளுக்கு ஓக் கட்டைதான் நடுவார்கள், படகு மூக்குபோல் செதுக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் தன் கணவர் பெர்த்தலான் இறந்தபோது, பளிங்குக் கல்தான் வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அப்படிக் கல் வைத்தால் உயிரோடிருக்கும் மனைவியின் பெயரையும் சேர்த்து வெட்டுவார்கள். இறந்த ஆண்டுக்கு மட்டும் இடம் விடுவார்கள். கல் வெட்ட வந்தவர், பின்னால் வேலை மிச்சமாகட்டும் என்று, அவள் பெயருக்குக் கீழே '1927 – 19' என்று பாதி ஆண்டையும் வெட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன மடத்தனம்! அதைவிடப் பெரிய மடத்தனம், அக்கா அதை நம்பியது.

"கல்லுல வெட்டுனது வெட்டுனதுதான்டி. தொண்ணூத்தொம்போத தாண்ட மாட்டேன்" என்பாள். பாதிரியார் திட்டியும் கேட்கவில்லை. எழுபதில் வெள்ளம் வந்தபோது பன்றிக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூரையேறிய பெண் இவள். பிளம் பழக் கூழ் காய்ச்சினால் கொப்பரையைக் கிளற அவளை விட்டால் ஆளில்லை. தொண்ணூற்றுமூன்றுக்குப் பிறகு ஒரு பிளம் கன்றுகூட நடவில்லை. "காய்க்க ஆறு வருஷம் ஆகும். அப்புறம் யாரு பறிக்கிறது?"

தொண்ணூற்றொன்றில் தேனீ வளர்க்கும் அம்புருஸ் அவளைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷர். அக்காவுக்கும் அவர்மேல் ஆசை என்று ஊருக்கே தெரியும்.

"எட்டு வருஷத்துக்கு எதுக்குங்க ஒரு கல்யாணம்? இன்னொரு தடவ அழணுமா நீங்க?" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருடம் அவர் என்னைக் கேட்டார். நானும் விதவை, சரி என்றேன். நான் யாரிடமிருந்தும் தட்டிப் பறிக்கவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். பன்றியை அண்ணன் மகனிடம் ஒப்படைத்தாள். ஏழு கோழிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கையை உதறிப் போட்டுச் சாவுக்குக் காத்துப் படுத்தாள். இப்போது வாசலில் நிற்கிறாள்.

"கோழிய அறுத்துட்டியா?"

"வருஷப் பொறப்பன்னிக்குக் கோழி அறுப்பாங்களா யாராவது? வர்ற அதிர்ஷ்டத்தையெல்லாம் பின்னால கீறித் தள்ளிடுமே! உள்ள வாக்கா, பருப்பு சூப் கொதிக்குது. செத்தவளுக்குப் பசிக்காதோ?"

நான் சிரித்தேன். அப்போது அம்புருஸ் உள்ளேயிருந்து வந்தார்.

"லீதியாவா? என்ன கறுப்புல? யாரு போயிட்டாங்க?"

அவர் சட்டையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு வருஷம்" என்றாள். "எட்டு வருஷம்டி, எதெல்கா."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னை அறியாமலே அம்புருஸின் கையை இறுகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. லீதியா அக்கா என் விரல்களைப் பார்த்தாள்.

"பயப்படாதடி" என்றாள். "கோழிய மட்டும் திருப்பிக் குடு, போதும்."