மச்சானுக்குக் கொடுத்த தேன் ஒயின்

போன செவ்வாய்க்கிழமை சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதற்காக.

விஷயம் தேன் ஒயின். ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குப் பொழுது போக வேண்டாமா? தேன், தண்ணீர், ஈஸ்ட்... கண்ணாடி ஜாடியில் புளிக்கவைத்தேன். சட்டப்படி அதுவே தப்பு. இன்று சொல்ல வந்தது அதைவிடக் கேவலமானது.

ஆறு மாதம் ஆகியும் ஒயின் தெளியவில்லை. பொங்கலுக்கு வந்த மச்சான் — என் மனைவியின் தம்பி, கடலூரில் படகு இன்ஜின் மெக்கானிக் — ஜாடியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா மாமா, வீராணம் ஏரியில புதுத்தண்ணி வந்தா இப்பிடித்தான் கலங்கலா கெடக்கும். மொண்டாந்து வச்சிட்டீங்களா?"

மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

இன்னும் சில மாதம் அசைக்காமல் வைத்திருந்தால் தானாகத் தெளிந்திருக்கும். யார் காத்திருப்பது? பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கத்தாழை மீனின் காய்ந்த காற்றுப்பை வாங்கி வந்தேன். மீன் வயிற்றுக்குள் இருக்குமே, அதுதான். பொடித்து, எலுமிச்சைச் சாறு கலந்த குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் கூழாகும். அதை ஜாடியில் ஊற்றினால், மிதக்கும் ஈஸ்டை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். உட்கார்ந்தது. பத்தே நாளில் மேலே தங்கம்போல ஒயின்! டியூப் வைத்து அதை மட்டும் பாட்டிலுக்கு மாற்றினேன்.

மச்சானை வரச்சொன்னேன். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யப்பா! என்னா மாமா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல மச்சான். பொறுமைதான்."

இரண்டு டம்ளர் குடித்தார்.

இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? மச்சான் மீன் தொட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. மகளுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று வேண்டிக்கொண்டார் — அவள் பிழைத்தால், சாகும்வரை கவுச்சி இல்லை என்று. மீனவர் வீட்டில் பிறந்தவர்! வீடெல்லாம் மீன் குழம்பு மணக்க, ரசம் சோறு சாப்பிடுகிறவர். எனக்குத் தெரியாதா? தெரியும். ஊற்றும்போதும் ஞாபகம் இருந்தது. வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி... நாம் நம்பாதது அடுத்தவருக்கும் பெரிதில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் போன் செய்தார். "மாமா, அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குது. பாப்பாகிட்டகூட சொன்னேன்." பாப்பா என்றது அந்த மகளைத்தான்.

அதற்குமேல் தாங்கவில்லை. கடலூரில், அவர் பட்டறையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அத்தோடு நிறுத்தினேனா? வாத்தியார் ஆயிற்றே! "அது அடியில தங்கிடும் மச்சான். நீங்க குடிச்சதுல அநேகமா இருந்திருக்காது" என்று விளக்கம் வேறு.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் கேட்டன்ல மாமா... அப்பவே இத சொல்லியிருக்கலாம்ல?"

அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் திரும்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை போன் செய்துவிட்டேன். மகள்தான் எடுக்கிறாள். "அப்பா வெளிய போயிருக்காங்க மாமா" என்கிறாள். பின்னால் அவர் இருமுவது கேட்கிறது.

அந்தப் பெண்ணையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.