விருத்தாசலத்தில் மூன்று ரிமோட் கார்கள், பத்துச் சுற்று

எழுபத்தெட்டாம் வருடம், மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்று வாங்கக் கடலூரிலிருந்து விருத்தாசலம் போனேன். பொம்மைக் காருக்காக அறுபது கிலோமீட்டரா என்று என் மனைவி அன்றைக்கே கேட்டுவிட்டாள், நீங்கள் கேட்க வேண்டாம். அப்போது அந்த மாதிரி கார் கடையில் கிடைக்காது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு. நான் ரேடியோ ரிப்பேர்க்காரன் வேறு. அந்தப் பைத்தியம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

பத்தரை மணி பஸ். டிக்கெட் மூன்றரை ரூபாய். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக 12.45க்குக் கொண்டுவந்து விட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பீங்கான் ஷெட்டுகள் இருக்கும் இடம் இரண்டு கிலோமீட்டர். ரிக்‌ஷாவுக்கு ஒரு ரூபாய்.

"பொம்ம பண்ற எடத்துக்குங்களா? வெள்ளிக்கெழம ஆளே இருக்க மாட்டாங்களே சார்" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

ஆள் இல்லாததால்தான் அந்த நாளைக் குறித்திருந்தார் நண்பர் ஹபீப். ஷெட்டின் சொந்தக்காரர். அவர் தொழுகைக்குப் போயிருந்ததால் காவல்காரர் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தேன். சுவர் நெடுக அலமாரிகளில் சுடாத பொம்மைகள், எல்லாம் வெள்ளை, எதற்கும் இன்னும் கண் எழுதவில்லை. முதல் நாள் அணைத்த சூளை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த சாமான்கள் விட்டு விட்டு 'டிங்' என்று சத்தம் போட்டன. சூடு இறங்கும்போது பீங்கான் அப்படித்தான் சத்தம் போடும், எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு ஹபீப் மூன்று கார்களோடு வந்தார். கூடவே அவர் தங்கை மும்தாஜ். மூன்றில் புதிய காரை வாங்கி அனுப்பியவர் துபாயில் இருக்கும் அவளுடைய கணவர் காதர். மற்ற இரண்டும் ஊரில் வேறு வீட்டுக்காரர்களுடையவை, விற்பனைக்கு வந்தவை.

"நாலு மாசமா அவருகிட்டேர்ந்து கடுதாசி இல்லண்ணே. கேசட்டுல பேசி அனுப்புவாரு, அதுவும் இல்ல" என்றாள் மும்தாஜ். "வூட்டுல எல்லாரும் இத வித்துடுன்றாங்க. நீங்க மூணையும் ஓட்டிப் பாருங்க. இது மட்டம்னா எடுத்துட்டுப் போயிடுங்க. இதுதான் ஒசத்தின்னா இது இங்கயே இருக்கும். அவரு வந்து ஓட்டட்டும்."

வண்டியை வைத்துக் குறி கேட்கிறாள் என்று புரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் காரைக் கையில் எடுத்த நிமிடமே எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. நாலு சக்கரத்திலும் ஸ்பிரிங், அகலமான டயர், பின்னால் தனி மோட்டார். அது தோற்றால்தான் எனக்குக் கிடைக்கும். ரிமோட் என் கையில் இருக்கப்போகிறது. தோற்கவைப்பது என்ன பெரிய வேலை?

"இத இதுவரைக்கும் யாராவது ஓட்டியிருக்காங்களா பாய்?" என்றேன் ஹபீபிடம்.

"எங்கண்ணே? கஸ்டம்ஸுக்குப் பயந்து மச்சான் வண்டிய ஒருத்தர் பெட்டியில, ரிமோட்ட இன்னொருத்தர் பெட்டியில வெச்சி அனுப்பிச்சாரு. ரிமோட்டு வந்து சேரவே ஒரு மாசம் ஆச்சு. அதுக்கப்பறம் தங்கச்சி தொடவே விடல."

பொம்மைகள் காயவைக்கும் சிமெண்டுத் தரைதான் பந்தயப் பாதை. திருப்பத்துக்கு ஒன்றாக எட்டு வெள்ளைப் பொம்மைகளை நிறுத்தினோம். சக்கரத் தடம் தெரிவதற்காகக் களிமண் பொடியைத் தூவினேன். ஒவ்வொன்றாகத்தான் ஓட்டுவது, பத்துச் சுற்று. கடிகாரம் ஹபீப் கையில்.

முதலில் சிங்கப்பூர் கார். நேராகப் போகும், பின்னால் வரும்போது மட்டும் திரும்பும். ஆறு நிமிடம் இருபது வினாடி எடுத்துக்கொண்டு என் பொறுமையைச் சோதித்தது. அடுத்தது எண்ணெய் இன்ஜின் கார். நாலு நிமிடம் ஐந்து வினாடி. வேகம் சரி, ஆனால் ஷெட் முழுக்கப் புகை, மூன்று பொம்மைகளுக்குத் தலை போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

உடைந்த பொம்மைகளை மாற்றி, பழைய தடங்களை அழித்துப் புதிதாகப் பொடி தூவினேன். அப்புறம் காதரின் கார். முதல் திருப்பத்திலேயே பொம்மையை இடிக்கட்டும் என்று இடது பக்கம் ஒடித்தேன். வண்டி வலது பக்கம் திரும்பிப் பொம்மையை அழகாகச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்ததில் வேகத்தைக் குறைத்தேன். குறையவில்லை. நாலாவது சுற்றில் விசையிலிருந்து விரலையே எடுத்துவிட்டேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற இரண்டு ரிமோட்டுகளும் மேஜைமேல் அணைத்தபடி கிடந்தன. சூளையில் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்று நிமிடம் பதினைந்து வினாடி. ஒரு பொம்மையும் அசையவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் வண்டி பாதையை விட்டு விலகி, மும்தாஜின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. குனிந்து தரையைப் பார்த்தேன். பத்துச் சுற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடித் தடம்தான் இருந்தது. எந்த மனிதன் கையும் அப்படி ஓட்டாது. எனக்குப் பயமாக இருந்தது.

"எதுண்ணே ஒசத்தி?" என்றாள்.

"இதுதாம்மா."

"ரொம்ப நல்லா ஓட்டுனீங்க" என்று சொல்லி, வண்டியைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள். நான் தலையை ஆட்டினேன். 5.15 பஸ்ஸில் வெறும் கையோடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஹபீபிடமிருந்து கடிதம். காதர் வந்துவிட்டாராம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்து, துபாய் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கீழே ஒரு விஷயம் எழுதியிருந்தார்: 'மச்சான் வண்டியை ஓட்டிப் பார்த்தார், நகரவே இல்லை. உள்ளே திறந்தால் அலைவரிசைக்கான கிரிஸ்டல் வண்டியில் மஞ்சள், ரிமோட்டில் சிவப்பு. பெட்டி மாற்றிக் கட்டும்போது வேறு வண்டியின் ரிமோட்டை அனுப்பிவிட்டாராம். மஞ்சள் ரிமோட் இத்தனை நாளும் அவர் சூட்கேஸில்தான் இருந்திருக்கிறது, பேட்டரிகூடப் போடாமல். அன்றைக்கு நீங்கள் எப்படி ஓட்டினீர்கள்?'

இந்த மாதிரி கார் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் கிரிஸ்டலின் நிறத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் ரிமோட் சொல்வது வண்டிக்குக் கேட்கும். ரேடியோ பிரித்தே பிழைத்த நான் அதைப் பார்க்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இன்னொன்று, எது ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

ஹபீபுக்கு ஏதோ சமாளித்துப் பதில் எழுதினேன். ஆனால் அன்று நான் தோற்கடிக்கத்தான் பார்த்தேன் என்பதையும், ஓட்டியது நான் இல்லை என்பதையும் மும்தாஜிடம் இன்றுவரை சொல்லவில்லை.