மூடாத இணைப்புகள்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் குழாயம்மா. தண்ணீர்க் குழாய்க்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. நிரல்களுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஓடும் இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வேலையில் சேர்ந்த நாளே கழுத்துவலியும் கூடச் சேர்ந்துகொண்டது.

நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் நிரலை பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதியவர் அவள் வீட்டுக்காரர். பழைய கணினியில் அது சமர்த்தாகத்தான் ஓடியது. எல்லா நிரல்களையும் ஜாவா என்ற வேறொரு மொழியில் ஓடும் ஒரே சர்வருக்குள் அவள் குடியேற்றியபின் வந்தது வினை. காலையில் ஒழுங்காக ஓடும். கூட்டம் சேர்ந்ததும் தரவுத்தளம் இனி இடமில்லை என்று கையை விரித்துவிடும். ஜுரத்தோடு வந்த ஒருவர் வரிசையில் நின்றே குணமாகி, டாக்டரைப் பார்க்காமலே வீடு திரும்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பு யாருடையது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்றார் மேலாளர். நிரலில் தப்பென்றால் வீட்டுக்காரரின் ஒப்பந்தம் அதோடு சரி. மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் நிரலைத் துருவினாள். பக்கத்துக்குப் பக்கம் இணைப்பைத் திறந்திருந்தார், ஓரிடத்திலும் மூடவில்லை. திறந்தவை சேர்ந்து சேர்ந்துதான் தரவுத்தளத்தில் இடமில்லாமல் போனது. விளக்கை அணைக்காமல் வெளியே கிளம்புகிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

“ஏங்க, ஒண்ணையாவது மூடித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“எதுக்கும்மா மூடணும்? பக்கம் முடிஞ்சா பிஎச்பியே மூடிடும். உன் ஜாவாதான் எதையும் விடாம பிடிச்சு வெச்சுக்குது.”

சண்டைக்குத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவர் சொன்னது நிஜம். சண்டை போடவும் தெம்பில்லை.

அவர் எழுதிய பக்கங்களை அவள் தொடவில்லை. பிஎச்பியை ஜாவாவுக்குள் ஓட்டும் அடுக்கில் கைவைத்தாள். ஒரு பக்கம் முடிந்தால், அது திறந்த இணைப்பைச் சர்வரே மூடும். பாதியில் நின்ற பதிவையும் ரத்து செய்யும். வெள்ளிக்கிழமை வரிசை வாசலைத் தாண்டவில்லை.

மேலாளர் வந்து பழைய கேள்வியையே கேட்டார்.

“என்னோடதுதான் சார். குடி வர்றவங்க பழக்கம் தெரியாம வீட்டைக் கட்டிட்டேன். இப்போ சரி பண்ணியாச்சு.”

மேலாளர் வீட்டுக்காரரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, மிச்சமிருக்கும் பழைய நிரல்களையும் நீங்களே குடியேற்றிவிடுங்கள் என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மாலை பஸ்ஸில், அவற்றில் பாதி தான் எழுதியதுதான் என்று வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். அவர் தோளில் தலைசாய்த்து அவள் எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.