அக்காவுக்குப் படைத்த இட்லி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தங்கை என்ற முறையில் நான்தான் இந்த நினைவுரையை எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். புகழ்ந்து எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அக்கா கீரப்பாளையத்தில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, கடலூருக்கு வாழ்க்கைப்பட்டார். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். எங்கள் வீட்டுப் பொறுமையை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டார், தங்கை எனக்கு மிச்சம் வைக்கவில்லை என்று மாமா என்னைக் கேலி செய்வார். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, வெகு காலம் கழித்துத்தான் அக்காவுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

அந்த மகளோ பாலும் கஞ்சியும் தவிர எது நாக்கில் பட்டாலும் துப்பிவிடுவாள். ஊட்டினால்தானே துப்புகிறாள், தானே எடுத்துத் தின்னட்டும் என்று அக்கா வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கித் தட்டில் வைப்பார். அவள் தரையில் தேய்ப்பாள், தலையில் பூசிக்கொள்வாள். அக்கா சிரித்துக்கொண்டே துடைப்பார்.

"புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியல, வூட்ட நாறடிக்கிறியேக்கா" என்றேன் ஒருமுறை.

"ஒரு நாளைக்குத் தானா எடுத்து வாயில வெச்சிப்பா பாரேன். அன்னிக்கு நாம யாரும் கிட்டப் போவக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. குழந்தைக்கு அப்போது பத்து மாதம்.

காரியத்தன்று கடலூர் வீட்டில் படையல் போட்டோம். அக்காவுக்கு உயிர் என்பதால் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் என் கையாலேயே செய்து இலையில் வைத்தேன். கற்பூரம் ஏற்றவில்லை, காக்கைக்கும் இன்னும் வைக்கவில்லை. அதற்குள் யார் மடியிலிருந்தோ இறங்கித் தவழ்ந்து வந்த குழந்தை, இலையிலிருந்த இட்லியைப் பிய்த்து, கொத்சு வழிய வழிய வாயில் வைத்துக்கொண்டாள். புளிப்பும் காரமும் ஏறி முகம் சுருங்கியது. ஆனாலும் துப்பவில்லை. மென்றாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

முதல் முறையாகக் குழந்தை தானே எடுத்துத் தின்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே, முறை தெரியாத குடும்பம் என்பார்களே என்பதுதான் தோன்றியது. "ஐயையோ, படையல எச்சப் பண்ணிட்டாளே!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவள் வாய்க்குள் விரலை விட்டு அந்தத் துண்டைத் தோண்டி எடுத்தேன். நீட்டிய கையிலும் ஓர் அடி வைத்தேன்.

மாமா எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "அவுங்கம்மாவுக்கு வெச்சத அவ தின்னா என்னாம்மா? காக்கா தின்னா ஆவும், புள்ள தின்னா ஆவாதா?" என்று கேட்டார். வேறு இலை போட்டோம். காக்கை வந்து எடுத்தது. எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து குழந்தை சிதம்பரத்தில் என்னிடம் வளர்கிறாள். என் கை அருகே வந்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். அந்த நாட்களில் அவளைத் தங்கள் தட்டருகே உட்காரவைத்துப் பழக்கிய எதிர் வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும், பொறுமையாகச் சுண்டல் நசுக்கிக் கொடுத்த அங்கன்வாடி ஆயாவுக்கும், ஞாயிறு தவறாமல் கடலூரிலிருந்து பழத்தோடு வந்து நிற்கும் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் புண்ணியத்தில் இப்போது கொய்யா, முறுக்கு, மீன் வறுவல், கொத்சு எல்லாம் தின்கிறாள்.

ஆனால் எதை எடுத்தாலும், வாய்க்குக் கொண்டுபோகும் முன் அப்படியே நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். "தின்னுடா கண்ணு" என்று நான் தலையாட்டினால்தான் தின்கிறாள். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை எவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறாய் என்று என்னைப் பாராட்டுகிறார்கள்.